கழுவிய கேன்

மனைவி ராக்கம்மாளின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது சீனிச்சாமியின் சட்டைப்பையில் போன் அடித்தது. முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எடுத்தான். மனைவிக்கு வைத்தியம் பார்த்த கோயம்புத்தூர் டாக்டரம்மா சித்ரகலா. அவிநாசி தாண்டிவிட்டதாகச் சொல்லி, திருப்பூர் ராயபுரத்தில் வீடு எந்தச் சந்தில் என்று கேட்டார். அவன் வழி சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது.

செத்த வீட்டுக்கு டாக்டரே துக்கம் கேட்க வருவது யாருக்கு வாய்க்கும் என்று லைன் வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டு ஓனர் சென்னியப்பன் தன் வீட்டிலிருந்து உடையாத நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டார். சீனிச்சாமிக்கோ அந்த அம்மா வராமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. வந்தால் கேன் பேச்சு வரும். மகள் வர்ஷினி பக்கத்திலேயே இருப்பாள்.

வர்ஷினி தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

ராக்கம்மாள் செக்கிங் வேலைக்குப் போன பனியன் கம்பெனி வேன் மங்கலம் ரோட்டில் கவிழ்ந்ததில் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது, புண் ஆறவில்லை. ஊசி மருந்துகளை மாற்றி மாற்றிப் போட்டும் கிருமி எல்லாவற்றுக்கும் பெப்பே காட்டியது. அப்போதுதான் இந்த டாக்டரம்மா புதிதாக ஒன்று சொன்னார். கிருமியையே தின்கிற வைரஸ் இருக்கிறது, கிருமி பெருத்துக் கிடக்கிற இடத்தில்தான் அதுவும் இருக்கும், உங்கள் வீட்டோரச் சாக்கடையில் கொஞ்சம் பிடித்து வாருங்கள் என்றார். ஊர்ப்பக்கம் நோயாளிக்குக் கோயில் தீர்த்தம் கொண்டுவரச் சொல்வார்கள், இது என்ன கூத்து என்று சீனிச்சாமி நினைத்தான். ஆனாலும் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனான்.

அந்தத் தண்ணீரில் அது இருந்தது. பிரித்துச் சுத்தப்படுத்தி, வாங்க வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கி, புண்ணில் விட்டார்கள். சீழ் வற்றியது. காய்ச்சல் விட்டு, ராக்கம்மாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். "ஏன்யா, சாக்கடையவா எனக்குள்ள ஊத்துனீக?" என்று கேட்டு, கம்பி வைத்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சீனிச்சாமிக்கு உயிர் வந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் சீழ் திரும்பிவிட்டது. கிருமி தன் மேல்தோலை மாற்றிக்கொண்டது, வைரஸ் அதில் ஒட்ட முடியாமல் வழுக்குகிறது என்றார் டாக்டர். துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்க்கிற சீனிச்சாமி அதை, பருத்திக்குக் கலக்கிய சாயம் பாலியஸ்டரில் ஏறாத மாதிரி என்று புரிந்துகொண்டான். ஆனால் வைரஸும் சும்மா இருக்காதாம். கிருமி மாற மாற அதுவும் மாறுமாம். காலங்காலமாகச் சாக்கடைக்குள் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டுதான் கிடக்கின்றன, புதுத்தோலில் ஒட்டக்கூடியதும் அங்கேயே இருக்கும், இந்தத் தடவை கூடுதலாகக் கொண்டுவாருங்கள் என்றார்.

கூடுதல் என்றதும் வர்ஷினிதான் கேனை எடுத்தாள். பட்டறையில் பெராக்சைடு தீர்ந்ததும் வீட்டுக்கு வருகிற நீலக் கேன். திருப்பூரில் அது இல்லாத வீடு ஏது, குடிதண்ணீர்கூட அதில்தான் பிடித்து வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமானை அழுக்காகவா கொடுப்பது என்று பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கரைத்து ஊற்றி ஊறவைத்தாள். குழாயில் தண்ணீர் வராத நேரம். அலசியும் அலசாமலும் கவிழ்த்து வைத்தாள். சீனிச்சாமி அதில் சாக்கடையை நிரப்பி, இறுக மூடி, பஸ் ஏறினான். வருஷக்கணக்காகப் பிளீச்சிங் நெடியிலேயே கிடந்த மூக்கு, அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சில நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். கேன் முழுக்கக் குளோரின், தண்ணீரில் உயிர் என்று ஒன்றுமே இல்லை. ஆஸ்பத்திரிச் சாக்கடையிலும் தேடிப் பார்த்துவிட்டோம், ஒட்டுகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை, மறுபடி கொண்டுவாருங்கள் என்றார். சீனிச்சாமி மகளிடம் காரணம் சொல்லாமல் பழையபடி ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடினான். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. தாயைக் கொன்றது தன் கைதான் என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைக்கக் கூடாது. நேற்று ராக்கம்மாளின் மூச்சு நின்றதிலிருந்து அவனுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். அழக்கூட அவனால் முடியவில்லை.

டாக்டரம்மா வந்தார். கால்மாட்டில் கும்பிட்டு நின்றார். நாற்காலியில் உட்காராமல் சீனிச்சாமியைச் சுவரோரம் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"நீங்க கடைசியாக் குடுத்த தண்ணில கெடச்சிருச்சுங்க. இன்னிக்குக் காலைலதான் பாத்தோம். அந்தக் கிருமிய ஒண்ணு விடாமத் தின்னுருக்குதுங்க."

சீனிச்சாமி தலையாட்டினான். ராக்கம்மாளின் கிருமியையும் அந்த வைரஸையும் உறையவைத்துப் பத்திரப்படுத்திக்கொள்கிறோம், நாளைக்கு இன்னொருத்தருக்கு உதவும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அவன் அதற்கும் தலையாட்டினான். அவளைத் தின்ற கிருமி உயிரோடு இருக்கும், அவள் சாம்பலாகப் போவாள் என்பது மனதில் தைத்தது. ஆனால் அதை நினைக்க இது நேரமில்லை. பேச்சு காதில் விழுந்து வர்ஷினி எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

"அதே சாக்கடதான டாக்டர்? கேன்ல குடுத்தப்பவும் அது அதுல இருந்துருக்கும்ல? அப்ப ஏன் கெடைக்கல?"

படிக்கிற பிள்ளை, கேட்கத்தான் செய்யும். டாக்டரம்மா சீனிச்சாமியைப் பார்த்தார். நோயாளிகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிய மனுஷி.

"அது வந்துங்க கண்ணு..."

"அந்தக் கேன் தண்ணி அங்க போகவே இல்லத்தா," என்றான் சீனிச்சாமி. "பஸ்ஸுல சாஞ்சு கொட்டிப்போச்சு. திரும்பி வரச் சடவா இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் குழாயில புடிச்சுக் குடுத்துட்டேன்."

"கொழாத் தண்ணியவா?"

"அன்னைக்குக் கொஞ்சம் குடிச்சிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமையானால் குடிக்கிறவன்தான். அதனால் பொய் எளிதில் நின்றது. வர்ஷினி அவனை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தாள். நிஜமா என்று கண்ணாலேயே கேட்டாள்.

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். "அந்தத் தண்ணில ஒண்ணுமே இல்லீங்க கண்ணு," என்றார்.

பிறகு அவர் நிற்கவில்லை. சந்து முனைவரை சென்னியப்பன் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

மயானத்திலிருந்து வண்டி வந்துவிட்டது, பெண்கள் வாய்க்கரிசி போடட்டும் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். புருஷன் முதலில் போடட்டும் என்றார் சென்னியப்பன். சீனிச்சாமி தட்டிலிருந்து அரிசியை அள்ளி, விரலிடுக்கில் சிந்தாமல், ராக்கம்மாளின் வாயில் போட்டான். காய்ந்து வெடித்திருந்த உதடு. அதன்மேல் அரிசி ஒட்டாமல் நின்றது.

அடுத்து வர்ஷினி குனிந்தாள். அப்பன் போட்ட அரிசியை அம்மாவின் உதட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் போட்டாள். துப்பட்டா நுனியால் வாயைத் துடைத்தாள். அதற்குப் பிறகு தன் கை அரிசியைப் போட்டாள். சீனிச்சாமி அவளுக்கு இடம் விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றான்.