தடித்த இரும்புக்கு நீண்ட நுனி

1

இந்தக் கதை, நான் சண்டை போடப் போன இடத்தில் கிடைத்தது. வேறொரு கதையை எழுதிக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் துளை போடும் மெஷின் கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். "அக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க, இந்தக் கூரைத் தகரத்தோட முனையைக் கொஞ்சம் பிடிங்களேன்" என்றாள் ஏணி மேல் நின்றவள். பிடித்தேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'கூரை என்பது மனிதன் வானத்திடம் முதன்முதலாக...' வேண்டாம். வானத்தை விடுங்கள்.

2

அவள் துணி தைப்பவள். கணவர் வெல்டர். படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் தலையணைகளைப் பார்த்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்பார்கள். மாடியில் தையலறை கட்டித் தருகிறேன் என்று வெல்டர் இரும்புச் சட்டம் முழுவதையும் தானே பற்றவைத்தார். கூரை போடும் முன் வேறொரு வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு கூடிவிட்டது, நடக்கிறார். ஏணியைத் தொட்டால் மட்டும் கை நடுங்குகிறது.

(எலும்பு கூடியது, மனசு கூடவில்லை என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

ஆள் வைத்து முடித்துவிடலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம், "என் சட்டத்துல இன்னொருத்தன் கை வைக்க வேண்டாம். நானே ஏறுறேன்" என்பார். நாளைக்கு, நாளைக்கு என்று மழைக்காலம் நெருங்கிவிட்டது. அதனால் அவள் ஏறினாள்.

3

ஏறியவளுக்கு ஸ்க்ரூக்கள் முறிந்தன. எனக்குக் கேட்ட கிறீச்சு அதுதான்.

"கடையில ஸ்க்ரூ மரத்துக்கா இரும்புக்கான்னு கேட்டாங்க. இரும்புக்குன்னேன், குடுத்தாங்க" என்றாள்.

"எவ்ளோ தடிமன்னு கேட்டாங்களா?" என்றார் வெல்டர்.

"கேக்கலை. கேட்டிருந்தாலும் எனக்கெங்க தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்."

விழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாதவர், உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். சட்டத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார்.

(இந்த இடத்தில் அவரை ஒரு பக்கத்துக்கு யோசிக்க வைத்திருந்தேன். உண்மையில் அவர் யோசிக்கவில்லை, செருப்பைத் தேடினார்.)

4

கடைக்கு நானும் கூடவே போனேன். எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

வெல்டர் இரும்புத் துண்டை மேஜையில் வைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக அதன் பக்கத்தில் பிடித்து மனைவிக்குக் காட்டினார். "நுனி துளைச்சு அந்தப் பக்கம் வந்தப்புறம்தான் மேல சுத்தியிருக்கிற இந்த மரை இரும்பைப் பிடிக்கணும். பாதியிலேயே பிடிச்சா கழுத்து முறிஞ்சுரும். நீ வாங்கினதுக்கு நுனி பத்தாது."

துளைக்கும் நுனி நீளமாகவும் தலைக்கடியில் ரப்பர் வாஷரோடும் இருந்ததை எடுத்தார்கள்.

"ஒரு தையல் ரூமுக்கு இவ்ளோ தடிச்ச இரும்பு எதுக்குங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"உள்ள அவ இருப்பால்ல" என்றார் வெல்டர்.

அவள் கடையிலிருந்த பெயிண்ட் டப்பாக்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

முடிவு ஒன்று: வெல்டர் விறுவிறுவென்று ஏணியில் ஏறுகிறார், பயம் தீர்கிறது. எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஆனால் பொய்.

முடிவு இரண்டு: மழை கொட்டுகிறது, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, இருவரும்... அன்று நல்ல வெயில்.

நடந்தது இதுதான். ஏணி உச்சியில் நின்று அவள் ஸ்க்ரூவை இறக்கினாள். முறியவில்லை. கீழே நின்றவருக்கு வாஷர் தெரியவில்லை.

"ரப்பர் பிதுங்குதா பாரு. ரொம்ப இறுக்கிட்டா கிழிஞ்சு ஒழுகும்."

"பிதுங்கலை. ஓரத்துல லேசாத் தெரியுது."

"தகரத்தை ஆட்டிப் பாரு."

"ஆடலை."

"அப்ப சரி. நீ பாத்தா சரி."

வரிசை முடியப்போகும் சமயத்தில் அவர் ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். கை நடுங்க, ஏணியும் நடுங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏறாதீங்க. கீழ இருந்தே பிடிச்சுக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் காலை எடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் நின்றுவிட்டது.

அவளுக்கு நிஜமாகவே பயமா, இல்லை அவருக்காகச் சொன்னாளா? நான் கேட்கவில்லை. ஏணியைப் பிடித்திருந்த அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகின்றன. எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.