கரண்டு இறங்காத கால்கள்

“ஏறிட்டாரு! டேய் எத்திராஜு, மாமா ஏத்தத்துல ஏறிட்டாருடா!”

வடிவு போட்ட கூச்சலில் வரப்பில் நின்ற கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. கிணற்றடியில் சால் பிடித்துக்கொண்டிருந்த அவள் தம்பி எத்திராஜ் அண்ணாந்து பார்த்தான். ஏற்றமரத்தின் மேல் அவள் புருஷன் லோகநாதன் எலும்பும் தோலுமாக நின்றுகொண்டிருந்தார். ஒரு கை பக்கத்து மூங்கிலைப் பிடித்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

“எறங்கு மாமா! அக்கா, நீயாச்சும் சொல்லேன்!”

“நா ஏன் சொல்றேன்? நீ ஒழுங்கா சாலப் புடி!”

லோகநாதன் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. மரம் சாய்ந்து சால் கிணற்றுக்குள் இறங்கியது. மூச்சு வாங்கியது, நின்றார். பிறகு திரும்பிப் பின்பக்கமாக நடந்தார். சால் தளும்பிக்கொண்டு மேலே வந்தது. எத்திராஜ் அதைக் கவிழ்த்ததும் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. வடிவு புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கல்யாணமாகி இத்தனை வருஷமாயிற்றே என்ற வெட்கம்கூட இல்லாமல், தண்ணீர் முனைக்கு முன்னால் ஓடினாள். “வருது! வருது!” என்று நாற்றங்கால் வரைக்கும் கத்திக்கொண்டே போனாள்.

பாரிவாக்கத்தில் இதை வேறு யாராவது பார்த்திருந்தால் அவளுக்குப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த மனிதர் தன் காலால் நடந்ததைப் பார்க்க அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்!

போன வருஷம் லோகநாதனுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. நெஞ்சுக்குள் கட்டி என்றார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு அடியில் படுக்க வைத்து, நாள் விட்டு நாள் நெஞ்சுக்குள் கதிர் பாய்ச்சினார்கள்; ஊரில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பேர். அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: “உக்காந்தே கெடக்காதே. தினம் கொஞ்சம் நட. மூச்சு வாங்கினா நில்லு, அப்புறம் மறுபடி நட.”

வீட்டுக்கு வந்ததும் லோகநாதனின் அக்கா கன்னியம்மாள் குறுக்கே விழுந்தாள். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். கரண்டு என்றால் என்ன என்று, டிராம் கம்பெனியில் வேலை பார்க்கும் தசரதனைப் போய்க் கேட்டாள்.

“கரண்டு எப்பவும் மண்ணுக்குத்தாங்கா ஓடும். கட்ட மேல நின்னா எறங்காது” என்றான் தசரதன். அவன் சொன்னதில் தப்பில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, அவ்வளவுதான்.

“அம்மாம் பாடுபட்டு நெஞ்சுல ஏத்துன கரண்டு, மண்ண மெதிச்சா காலு வழியா எறங்கிப் பூடும்!” என்று கன்னியம்மாள் அன்றே ஒரு மர நாற்காலி வாங்கிவந்தாள். தம்பியை அதில் உட்கார வைத்துக் காலுக்கடியில் பலகை போட்டாள். கொல்லைப்புறம் போவதானாலும் இரண்டு பேர் தூக்கிப் போக வேண்டும். நண்டு ரசமும் முட்டையுமாக வேளைக்கு வேளை ஊட்டினாள். பாசத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. லோகநாதனின் கெண்டைக்கால்தான் கரைந்துகொண்டே வந்தது. வடிவு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நாத்தனார் அழுதே அவள் வாயை அடைத்துவிட்டாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டி மறுபக்கமும் வந்துவிட்டது, இனி கரண்டு வைத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜட்காவில் திரும்பி வந்தார்கள். மறுநாள் காலையில் லோகநாதன் மாம்பலகையை வெட்டித் தானே ஒரு ஜோடி பாதக்குறடு செதுக்கிக்கொண்டார்.

“அக்கா, இது கட்டதான?”

“கட்டதான்.”

“அப்ப நா நடக்கலாம்.”

டொக்கு டொக்கு என்று முதலில் வாசல், பிறகு தெரு, பிறகு ஏரிக்கரை என்று லோகநாதன் நடந்தார். வாரக்கணக்கில் நடந்தார். இன்றைக்கு ஏற்றமரம். அதுவும் கட்டைதானே!

ஏற்றத்தைவிட்டு இறங்கியவர் பாதக்குறட்டை மாட்டவில்லை, வரப்பிலேயே விட்டுவிட்டார். சேற்றில் வெறுங்காலை வைத்து ஒருகணம் நின்றார்.

“மண்ணு சில்லுனு கீது வடிவு.”

வடிவு அவரைத் தடுக்கவில்லை. இருவரும் நின்று நின்று வீடு வந்தார்கள். கன்னியம்மாள் பார்ப்பதற்குள் அவளே அவர் காலைக் கழுவிவிட்டாள். மோர் விட்ட கூழை இரண்டு சொம்பு கேட்டுக் குடித்தார். பாயில் படுத்தார். வடிவு களத்தில் காய்ந்த நெல்லை வாரிவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

அழுகை வந்தது. ஆனால் காலையில் அவளைப் பிடித்த அந்தக் குதூகலம் உடம்பைவிட்டுப் போகவில்லை. தண்ணீருக்கு முன்னால் ஓடிய கால் இன்னும் பரபரத்தது. அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இல்லை.

கரையான்சாவடிச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். பறை அதிர்ந்தது. அவர்கள் வம்சத்தில் செத்தவரை உட்கார வைத்துத்தான் தூக்குவார்கள். வடிவு அழுது ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தபோது ஆண்கள் லோகநாதனை அதே நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சையும் இடுப்பையும் வேட்டித் துணியால் கட்டி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“உக்கார வெக்காதீங்க!” வடிவு எழுந்தேவிட்டாள். “அவுத்து உடுங்க! அவரப் படுக்க வெச்சித் தூக்குங்க!”

பங்காளிகளில் மூத்தவரான தங்கவேல் அதட்டினார். “நம்ம வம்சத்துல படுக்க வெச்சி யாரத் தூக்கிக் கீறோம்? சும்மா இரும்மா.”

“ஏத்தத்துல ஏத்தி உட்டுட்டு வந்து பேசறா பாரு!” கன்னியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். “கட்ட மேலதான நடந்தான்? எப்பிட்றி எறங்கிச்சி?”

“கட்ட மேல மட்டும் இல்ல அண்ணி.” வடிவுக்கு மூச்சு வாங்கியது. “வரும்போது குறட்ட வரப்புலயே உட்டுட்டாரு. சேத்துல நடந்தாரு. சிரிச்சிகினே வந்தாரு.”

கன்னியம்மாள் அவளை அடித்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“வெறுங்காலோடயா?”

“ஆமா.”

“இன்னா சொன்னான்?”

“சில்லுனு கீதுன்னாரு.”

கன்னியம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பறை ஓயவில்லை.

“உக்காந்தது போதும் அண்ணி” என்றாள் வடிவு.

கன்னியம்மாள் நாற்காலிக்குப் பின்னால் போய் முடிச்சில் கை வைத்தாள். அது அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

“கன்னியம்மா, இன்னா பண்ற நீ?” என்றார் தங்கவேல்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எத்திராஜ் வந்து தோளைத் தாங்க, லோகநாதனைப் பாயில் கிடத்தினார்கள். உட்கார்ந்தபடியே விறைத்துப்போன முழங்கால்கள் மடங்கியே நின்றன. வடிவு ஒன்றைப் பிடித்து அழுத்தினாள்.

“மெதுவாடி, நோவப்போவுது” என்றாள் கன்னியம்மாள்.

சமையற்கட்டிலிருந்து நல்லெண்ணெயை எடுத்துவந்து, அடுத்த காலுக்குப் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். தூக்குகிறவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலாக நீவத் தொடங்கினார்கள்.