பதினான்காம் வரிசையிலிருந்து மேடைவரை

மதியம் ஒத்திகை முடிந்ததும் இசையமைப்பாளர் அன்ஸ்கார் வீபோல்ட், காலி அரங்கில் தன் இருக்கையிலிருந்து மேடைவரை மூன்று முறை நடந்து பார்த்தார். நாற்பத்தொரு காலடி, நான்கு படி, முப்பத்தைந்து விநாடி. இசையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அது எழுதி முடித்த சங்கதி. கவலையெல்லாம் இந்த முப்பத்தைந்து விநாடியைப் பற்றித்தான்.

புதுப் படைப்பு முடிந்ததும் ஜனங்கள் கைதட்டுவார்கள். இசை நடத்துநர் அரங்கை நோக்கிக் கையை நீட்டுவார். இயற்றியவர், தன்னையா கூப்பிடுகிறார்கள் என்று திடுக்கிட்டவர்போல எழுந்து, மேடையேறித் தலைவணங்க வேண்டும். அதுவரை கைதட்டல் தாக்குப்பிடிக்க வேண்டும். போன வருஷம் வேறோர் ஊரில் அது ஒன்பதாம் வரிசையோடு செத்துப்போனது. நடுவழியில் மாட்டிக்கொண்ட வீபோல்ட், குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவதுபோலப் பாவனை செய்தார். அந்த ஷூவுக்கு நாடா கிடையாது.

ஹில்டர்ஸ்பாக் நகர ஆர்க்கெஸ்ட்ரா தன் நூற்றாண்டுக்காக அவரிடம் கேட்டு வாங்கிய படைப்புக்கு ‘விளிம்பின்மையை நோக்கி மூன்று மௌனங்கள்’ என்று பெயர். பதினெட்டு நிமிஷ இசைக்கு அவரே எழுதிய விளக்கவுரை நான்கு பக்கம். புரிந்தவர் எவருமில்லை, எழுதியவர் உட்பட.

மாலையில் பக்கத்து இருக்கைக்கு ஃப்ராவ் க்ரெட்ஸ்மர் வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய மூதாட்டி, முப்பத்தொரு வருஷமாகக் கச்சேரிச் சந்தாதாரர்.

“இது டாக்டர் போலோட சீட்டாச்சே?”

“அவருக்குக் காய்ச்சலாம். ஆபீஸ்ல எனக்குக் குடுத்தாங்க.”

“காய்ச்சலா? இன்னைக்கு என்ன வாசிக்கிறாங்கன்னு பாத்திருப்பாரு.” குரலைத் தாழ்த்தினார். “இந்தப் புதுசை நடுவுல சொருகியிருக்காங்க பாத்தீங்களா? முன்னால மோட்சார்ட், பின்னால பிராம்ஸ். இதை முதல்ல வச்சா நாங்க லேட்டா வருவோம். கடைசியில வச்சா கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவோம். எங்க நாய்க்கு மாத்திரையை இப்படித்தான் ஈரல் சாசேஜுக்குள்ள வச்சுக் குடுப்பேன்.”

“சாப்பிடுமா?”

“சாசேஜைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பிடும். விவரமான நாய்.”

தான் யாரென்று வீபோல்ட் சொல்லவில்லை.

மோட்சார்ட் முடிந்து, அவருடைய முறை வந்தது. மௌனங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசியில் ஒற்றை டபுள் பாஸ் வாத்தியத்தின் நாதம் நூலாக மெலிந்து அறுந்தது. நடத்துநர் கெர்ட்ராவ்ட் லென்ஷ் கைகளைத் தாழ்த்தினார்.

யாரும் தட்டவில்லை.

ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது இந்த ஊரில் தேவாலயத்தில் விசிலடிப்பதைவிடக் கேவலம். இருபது வருஷத்துக்கு முன் அப்படித் தட்டிய பல் மருத்துவரை இன்றும் ரொட்டிக் கடையில் சுட்டிக்காட்டுகிறார்கள். மூன்று மௌனங்கள் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. இது எத்தனையாவது என்று எவருக்கும் நிச்சயமில்லை. ஆகவே பகுதிகளுக்கு நடுவே செய்ய வேண்டியதை எண்ணூறு பேரும் முறைப்படி செய்தார்கள்: இருமினார்கள்.

கைதட்டல் வந்தால்தானே திரும்ப முடியும்? லென்ஷ் முதுகைக் காட்டியபடியே நின்றார். இன்னும் பத்து விநாடி போனால் அவர் இறங்கிவிடுவார். அப்புறம் வீபோல்ட், டாக்டர் போலின் நாற்காலியைச் சூடாக்கிய ஓர் ஆள், அவ்வளவுதான்.

எழுந்தார். நடந்தார். மரத்தரை ஒவ்வொரு காலடியையும் ஊருக்கே அறிவித்தது.

மேடையை ஒட்டினாற்போல வெளியே போகும் கதவு இருந்தது. ஃப்ராவ் க்ரெட்ஸ்மருக்குக் காது சற்று மந்தம். அவருடைய ரகசியம் ஐந்து வரிசைக்குக் கேட்டது. “அப்பாடா, எழுந்து போக ஒருத்தருக்காவது தைரியம் இருக்கு.” சொல்லிவிட்டுக் கைதட்டினார்.

யாராவது ஆரம்பிக்கட்டும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். வெளிநடப்பைப் பாராட்டிச் சிலர், படைப்பு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று பலர், பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறாரே என்று மீதிப் பேர். அரங்கு அதிர்ந்தது. லென்ஷ் முகம் மலர்ந்து திரும்பிக் கையை நீட்டினார். ஒன்பதாம் வரிசை கடந்தது. நான்காம் வரிசையும். வீபோல்ட் கதவைத் தாண்டிப் படியேறினார்.

கைதட்டல் ஒரு கணம் தடுமாறியது. ஆனால் இப்போது நிறுத்தினால் தவறு செய்ததாக ஒப்புக்கொள்வதாகிவிடும். ஹில்டர்ஸ்பாக்கில் அந்தப் பழக்கம் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள். மேயர் எழுந்தே நின்றார். வீபோல்ட் ஒருமுறை தலைவணங்கி, அது ஓயாததைப் பார்த்து, இன்னொரு முறையும் வணங்கிக்கொண்டார்.

இடைவேளையில் ஃப்ராவ் க்ரெட்ஸ்மர் ஷாம்பெயின் கிளாஸோடு அவரை ஓரங்கட்டினார்.

“ஹெர் வீபோல்ட், உண்மையைச் சொல்லுங்க. வெளிய போகத்தானே எழுந்தீங்க?”

“ஆமா,” என்றார் அவர். “கதவு பூட்டியிருந்துச்சு.”