ஆறு பத்துக்குச் சாவி

மூளைப் படம் எடுக்கும் அந்தக் கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் காந்தம். மெஷினுக்குள் இருப்பதும் காந்தம்தான். ஆனால் அதற்கு மரியாதை அதிகம். அது ஒரு நாள் படுத்துவிட்டால் மூன்று பொறியாளர்கள் விமானம் ஏறி வருவார்கள். இவன் படுத்தால் லீவு லெட்டர் எங்கே என்பார்கள்.

வருகிறவர்களிடம் கைக்கடிகாரம், பெல்ட், சாவி எல்லாவற்றையும் வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, அவர்களைக் குழாய்க்குள் தள்ளுவது அவன் வேலை. அந்த வருடம் பேராசிரியையின் ஆராய்ச்சி சந்தோஷத்தைப் பற்றியது. சேருகிறவர்கள் தங்கள் வாழ்க்கையின் நல்ல நேரம் ஒன்றைச் சொந்தக் குரலில் பதிவு செய்ய வேண்டும். மூன்று வாரம் தினமும் அதைக் கேட்டு, மிட்டாயைக் கடிக்காமல் சப்புவதுபோல, அவசரப்படாமல் ருசிக்க வேண்டும். கூடவே, தங்களை நடுங்க வைக்கும் சத்தம் எதுவென்றும் சொல்ல வேண்டும். குழாய்க்குள் அந்தச் சத்தத்தைப் போடுவார்கள். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது. பயம் வந்தால் முதலில் துள்ளுவது அதுதான். ருசித்து முடித்த பிறகு அது குறைவாகத் துள்ளுகிறதா என்பதே கேள்வி.

ஆள் பற்றவில்லை. காந்தம் தன் அம்மாவைக் கூட்டி வந்தான்.

"உங்களுக்கு என்னம்மா சத்தம்? நாயா, இடியா, பல் டாக்டரா?" என்றார் பேராசிரியை.

"பூட்டுல சாவி திரும்புற சத்தம்மா."

"அதுல என்ன பயம்?"

"பழகிப்போச்சு," என்றாள் அம்மா, ஏதோ காபிப் பழக்கத்தைச் சொல்வதுபோல.

காந்தம் கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிரவில்லை. அப்பா சாயங்காலம் ஆறு பத்துக்கு வருவார். சாவி ஒரே திருப்பில் திரும்பினால் அன்றைக்குத் தப்பித்தார்கள். துளை தெரியாமல் பூட்டைச் சுரண்டினால் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். அம்மா இவனை உள்ளறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தான் மட்டும் முன்னறைக்குப் போவாள். அப்பா செத்து நாலு வருடம். இன்னும் ஆறு பத்துக்கு அம்மாவின் கை, எந்த வேலையில் இருந்தாலும், நின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பூட்டுக்கும் நிற்கும். அதனால் காந்தம் பையில் சாவியை வைத்துக்கொண்டே நாலு வருடமாக மணியடித்து உள்ளே போகிறான். அந்த வீட்டில் சாவி போடும் உரிமை செத்தவருக்கு மட்டும்தான்.

முதல் படத்தில் அம்மாவின் பாதாம் துள்ளியதைப் பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறோ என்று பேராசிரியை கேட்டார். மூன்று வாரம் கழித்து எடுத்ததில் அது வெயிலில் படுத்த பூனை மாதிரிக் கிடந்தது.

"அறுபது பேர்ல உங்கம்மாதான் ஃபர்ஸ்ட் ரேங்க். வம்சத்துல யாராவது எடுக்கணும் இல்ல? அவங்க பதிவைக் கேட்டு அப்படியே எழுதிக் குடு."

"சொந்தக்காரங்க பதிவைக் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் விதி போட்டீங்க?"

"அவங்ககிட்ட கேட்டேன். 'அவனே எழுதட்டும்'னு கையெழுத்துப் போட்டுட்டாங்க."

காந்தம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அவன் சோப்பு டப்பா பரிசு வாங்கிய நாளாக இருக்கலாம். முதல் சம்பளத்தில் மிக்ஸி வாங்கித் தந்த நாளாக இருக்கலாம். அவன் முதன்முதலாக நடந்த நாள். மூன்றிலும் கதாநாயகன் அவன்தான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அம்மாவின் குரல் வந்தது.

"ஆறு பத்து ஆச்சு. சாவி சத்தம் கேக்கல. டீ ஊத்தி வெச்சிட்டு உக்காந்திருந்தேன். ஆறரை ஆச்சு. அப்பவும் கேக்கல. மேசை மேல வெயில் வந்து விழுந்துச்சு. அங்க வெயில் விழும்னே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். போன் அடிச்சுது. பையன் பேரு வந்துச்சு. என்னவோ ஆயிருக்குன்னு புரிஞ்சுது. எடுக்கல. மறுபடி அடிச்சுது. மூணாவது தடவையும் அடிச்சுது. நான் டீயை மறுபடி சுட வெச்சுக் குடிச்சேன். கடைசி வாய் வரைக்கும் சூடா இருந்துச்சு."

அந்த மூன்று தடவையும் அவன் ஆஸ்பத்திரி நடையில் நின்று அடித்தவை. உள்ளே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எங்கடா?" என்றார். "வந்துட்டே இருக்காங்கப்பா" என்றான். அதுதான் அவரிடம் அவன் கடைசியாகச் சொன்னது. போன் சார்ஜில் இருந்தது, காதில் விழவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அந்தச் சாவில் பொய் சொன்னவன் தான் ஒருவன் மட்டுமே என்று நாலு வருடமாகத் தூக்கிச் சுமந்தவன், இப்போது அதையெல்லாம் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பக்க எண்ணும் போட்டான்.

அன்று வீட்டு வாசலில் நின்றபோது ஆறு பத்து. விரல் மணி வரைக்கும் போய்த் திரும்பியது. சாவியை எடுத்தான். கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சாவி துளையைத் தேடித் தேடிப் பூட்டைச் சுரண்டியது. அந்தச் சுரண்டல் அவனுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் உள்ளறைக் கதவின் பின்னாலிருந்து கேட்டது. திரும்பிப் பார்த்தான். படியில் யாரும் இல்லை. உள்ளே, டீயைக் கலக்கும் கரண்டிச் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"வா. உனக்கும் ஊத்தியிருக்கேன்," என்றாள் அம்மா. மேசை மேல் வெயில் இருந்தது. "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்." உட்கார்ந்தான். "அப்பா உன்னைத்தாம்மா கேட்டாரு."

"கேப்பாருன்னு தெரியும்டா. வரமாட்டேன்னு சொல்ல எனக்குக் கெடச்சது அந்த ஒரு தடவைதான்." ஒரு வாய் குடித்தாள். "உன்னை அங்க தனியா விட்டுட்டேன். அதை மட்டும் என்னால பதிவுல சொல்ல முடியல."

மேசையில் வைத்திருந்த அவன் போன் அடித்தது. மேடம். கோப்பையைத் தூக்கிய அவன் கை பாதி வழியில் நின்றது. இரண்டாவது மணி. மூன்றாவது. கை அசையவில்லை.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அப்படி நிற்கும் கையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அவன் டீ குடிச்சிட்டிருக்கான்மா. அப்புறம் பேசுவான்."

வைத்துவிட்டு, சூடு இருக்கிறதா என்று அவன் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.