இறக்கையில் வெட்டிய வேல்

மகள் போடுகிற கணக்கின்மேல் சேட்டுக்குத் துளி நம்பிக்கை கிடையாது. படகு புரொப்பல்லரின் இறக்கையைத் தேங்காய்ப் பத்தை மாதிரி கம்ப்யூட்டரில் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டும் தண்ணீரை எவ்வளவு தள்ளும் என்று பார்த்துக் கூட்டினால், படகு என்ன வேகம் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குக் கணக்கு.

"கரண்டு எப்ப வரும்னே எவனும் சொல்ல முடியல. தண்ணி உன் பேச்சக் கேக்குமா?" என்பார்.

"ஒரு படகுல ஓட்டிக் காட்டிட்டா போதும் நைனா," என்பாள் கவிப்பிரியா.

அந்த ஒரு படகுக்காக நாயாய் அலைந்தாள். கடைசியில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துப் படகுக்காரர் தேசப்பன் ஒத்துக்கொண்டார். ஓடினால் அவருடைய மற்றப் படகுகளுக்கும் இவள் கணக்குதான். ஓடாவிட்டால் அந்தப் பக்கமே தலை காட்டக்கூடாது.

அவள் கணக்குப்படி வார்த்த புரொப்பல்லரை மாட்டினார்கள். ஓடவில்லை. "ஆளு நிக்க முடியாம ஒதறுதும்மா," என்று போனில் சொன்னவர், படகைக் கரையேற்றிப் படமும் அனுப்பினார். ஒவ்வொரு இறக்கையின் முதுகிலும் பள்ளமாக ஒரு வேல். அதைச் சுற்றி வெண்கலம் அரித்துப்போயிருந்தது.

"இது யாரு வெட்டனது நைனா?"

"நான்தான். மரத்துல செஞ்ச மாதிரிய வார்ப்படக்காரனுக்கு பஸ்ல ஏத்தறதுக்கு முன்ன உளியால போட்டேன். நம்ம ஊட்டு மோட்டாருக்குப் போடல?"

"மோட்டாருக்கு மூடி மேல போட்ட. இது தண்ணி வழுக்கிகினு போற எடம். பள்ளத்துல குமிழி கெளம்பி, வெடிச்சு, இறக்கையத் தின்னுது. என் கணக்குல இறக்கை வழவழன்னு இருக்குது."

"அப்ப உன் கணக்கு சரிதானா?"

"இனிமே எப்படித் தெரியும்?"

சேட்டு தானே தேசப்பனைக் கூப்பிட்டார். "தப்பு என்னுதுங்க. பள்ளத்த அடைச்சுத் தேச்சுட்டு இன்னொரு வாட்டி ஓட்டிப் பாருங்க."

"முருகன்மேலயே பழியப் போடறீங்களா பெரியவரே? வேலத் தேச்சா என் ஆளுங்க ஒருத்தனும் படகுல ஏறமாட்டான். பழசயே மாட்டிட்டோம். இத ஆடிக் கிருத்திகைக்கு உங்க மலைக்கே காணிக்கையா கொண்டாந்துடறோம்."

"பாப்பாவோட கணக்கு?"

"அது தோத்துச்சு. வுடுங்க."

சேட்டு போனைக் கீழே வைத்தார்.

"வேற யாராச்சும் படகு..." என்று ஆரம்பித்தார்.

"யாரும் குடுக்க மாட்டாங்க நைனா," என்றாள். "அவரு துறைமுகம் பூரா சொல்லிட்டிருப்பாரு."