கபுருக்குக் கல்

"இறக்குங்கக்கா" என்றான் அகதி முகாம் வாசலில் நின்ற சோதனைச் சாவடிச் சிப்பாய், சின்ன லாரியின் பின்பலகையைத் தட்டியபடி. "சிமெண்டு, கம்பி, கான்கிரீட்டு எதுவும் அனுமதிச் சீட்டு இல்லாம முகாமுக்குள்ள போகாது."

வஜீஹா இறங்கி வந்தாள். லாரியில் கிடந்தவை ஒரு கபுரின் குழியை மூடும் அளவுக்கான கான்கிரீட் பலகைகள். அவளுடைய வாப்பா நாயிஃப் விடியற்காலையில் மௌத்தாகியிருந்தார். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். முகாமுக்குள் பலகை தீர்ந்துவிட்டது என்பதால்தான் அவளும் சாச்சா ஸுப்ஹியும் சூர் நகரம் வரை போய் வாங்கி வந்திருந்தார்கள்.

"வீடு கட்ட இல்ல தம்பி. மையித்து அடக்கத்துக்கு."

"புரியுதுக்கா. ஆனா கான்கிரீட்டுன்னா கான்கிரீட்டுதானே. நாளைக்கு ஆபீசுல மனு குடுங்க. கூடவே ஒரு இன்ஜினியர் கையெழுத்து வேணும்."

"இன்ஜினியரா?" என்றார் சாச்சா. "எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே."

"அப்ப அவரையே கூட்டிட்டு வாங்க."

"அவருக்குத்தான்யா இந்தப் பலகை."

மீசை இன்னும் சரியாக அரும்பாத பையன் அந்தச் சிப்பாய். தலை குனிந்துகொண்டு மேலதிகாரிக்குப் போன் போட்டான். "சரிங்க... சரிங்க..." என்றான் பலமுறை. பிறகு லாரியைத் திரும்பச் சொல்லிக் கைகாட்டினான்.

அலெக்சாந்திரியாவில் படித்துப் பட்டம் வாங்கியவர் நாயிஃப். பாலஸ்தீனர் என்பதால் லெபனானின் பொறியாளர் சங்கம் அவரைச் சேர்க்கவில்லை. சங்கத்தில் இல்லாதவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஆயுள் முழுக்க மேஸ்திரி என்ற பெயரில் வேலை பார்த்தார். வரைவது அவர், கையெழுத்து வேறொருவர். கேட்டால், "விடும்மா, கட்டடம் நிக்குதுல்ல" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வஜீஹா அவரோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள். கத்தியிருக்கலாம். மேசையை ஓங்கித் தட்டியிருக்கலாம். மனுஷனுக்குக் கோபமே வராதா?

பலகைகளைச் சாலையோரம் இறக்கிவிட்டு வீடு திரும்பினார்கள். சந்தில் ஆண்கள் காத்திருந்தார்கள்.

"மரப்பலகை போட்டு மூடிரலாமா?" என்றார் சாச்சா.

"ஒரு மழை தாங்காது சாச்சா. உள்ள இறங்கிரும்."

"அப்ப நாளைக்கு வெச்சுக்குவோமா?"

"இந்த வெயில்லயா? எவன் குடுக்கப் போறான் நாளைக்கு?"

அவள் சமையலறைக்குள் போனாள். சமையல் மேடை, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. ஆலிவ் டப்பாவுக்குள் மறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிமெண்டு கொண்டுவந்து, வாப்பா தன் கையால் வார்த்தது. அப்போதும் சோதனைச் சாவடியில் அவர் எவனோடும் சண்டை போட்டதில்லை. சிரித்து, சலாம் சொல்லி, டப்பாவோடு நடந்து வந்துவிடுவார்.

அடுப்பையும் பாத்திரங்களையும் தரையில் இறக்கி வைத்தாள்.

"சாச்சா, கடப்பாரை கொண்டாங்க."

"என்னடி பண்ணப் போற?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்க."

மேடை லேசில் வரவில்லை. சாச்சாவும் சந்தில் நின்ற இரண்டு பேரும் மாறி மாறி நெம்பினார்கள். "என்னத்தப் போட்டு வார்த்தாரு இவரு" என்று சாச்சா திட்டினார். திட்டும்போதே குரல் உடைந்தது. கடைசியில் நடுவில் விண்டு இரண்டு துண்டாக வந்தது. கபுருஸ்தானில் குழியின் மேல் வைத்தபோது தலைமாட்டில் ஒரு சாண் இடைவெளி. அதைத் தட்டைக் கற்களால் அடைத்து மண் தள்ளினார்கள்.

பெண்கள் கபுருஸ்தானுக்குப் போகவில்லை. அடக்கம் முடித்து ஆண்கள் திரும்புவதற்குள் காப்பி தயாராக வேண்டும். பக்கத்து வீட்டு உம்மு ரஅத் தட்டு நிறையக் கோப்பைகளோடு உள்ளே வந்தவள், வைக்க இடம் தேடி அப்படியே நின்றாள்.

"மேடை எங்கடி?"

வஜீஹா தரையில் குந்தி, சுவரிலிருந்து உதிர்ந்த காரையைக் கையால் ஒதுக்கி அடுப்பைப் பற்றவைத்தாள். உம்மு ரஅத் சற்று நேரம் சுவரில் தெரிந்த கம்பிகளைப் பார்த்தாள். பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். துக்க வீட்டுக்கான சர்க்கரை போடாத காப்பி பொங்கி வந்தது. வஜீஹா தீயைக் குறைத்தாள், மறுபடியும் பொங்கியது.