குட்டைக் காம்பு

மருமகள் குளியலறைக் கதவைச் சாத்தும் வரை பெரியவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். தாழ்ப்பாள் விழுந்ததும் எழுந்து, வாசல் செருப்புப் பலகைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த ரோஜாவை எடுத்தார். ஜாடியிலிருந்த பூக்களில் ஒன்று மட்டும் விளிம்பில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. அதை உருவி, தேயிலைச் சக்கையோடு குப்பைப் பையில் போட்டு முடிச்சிட்டு, தெருமுனைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தார். புதியது ஜாடிக்குள் போயிற்று. திருட்டு வேலைக்கு இந்த வயதில் இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்தான்.

அந்தப் பூங்கொத்து மகன் கடைசியாக வாங்கி வந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ வாய்ச்சண்டை. என்ன சண்டை என்று இவர் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அசட்டுச் சிரிப்போடு கொத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தான். அவள் ஜாடியில் தண்ணீர் ஊற்றி அதைச் செருகினாளே தவிர, அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவனை ஆம்புலன்ஸில்தான் கொண்டு வந்தார்கள்.

அடக்கமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய அன்று அவள் ஜாடியின் முன்னால் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் தண்ணீர் மாற்றினாள். தண்ணீருக்குள் பிடித்தபடியே காம்பைச் சாய்வாகக் கொஞ்சம் நறுக்கினாள், முங்கும் இலைகளைக் கிள்ளினாள், சர்க்கரையும் இரண்டு சொட்டு எலுமிச்சையும் விட்டாள். ராத்திரி ஜாடி குளிர்சாதனப் பெட்டிக்குள் தூங்கியது. பழத்தின் காற்று பட்டால் பூ சீக்கிரம் வாடிவிடுமாம். பெரியவரின் வாழைப்பழங்கள் மாடிப்படிக்கு நாடு கடத்தப்பட்டன.

ஆனால் பூ பூதானே. முதல் பூ கறுத்துத் தொங்கியபோது அவருக்கு ஒரே கவலை. இந்தக் கொத்தும் போனால் இந்தப் பெண் என்ன ஆவாள்? அவள் மருந்துக்கடை வேலைக்குப் போன நேரம் பார்த்து, உதிர்ந்த இதழ் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூக்கடைக்குப் போனார். ஆயுசு முழுக்கக் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் நிறம் சேர்ப்பதில் பட்டறையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. செங்கல்லும் இல்லாத ஆரஞ்சும் இல்லாத அந்த நிறத்தைத் தேடிப் பிடிக்கக் கடையையே கலைத்துப்போட்டார்.

"யாருக்குப் பெரியவரே, இவ்ளோ பாத்துப் பாத்து வாங்குறீங்க?" என்று கடைக்காரி சிரித்தாள்.

"வீட்டுக்குதாம்மா."

அப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். இன்று மாற்றியது பழைய கொத்தின் கடைசிப் பூ.

ஈரத்தலையைத் துவட்டியபடி வந்தவள் ஜாடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். பூக்களை ஒருமுறை விலக்கிப் பார்த்தாள்.

"மாமா, இங்க குட்டையா ஒண்ணு இருந்துச்சே?"

"எல்லாம் அப்படியேதாம்மா இருக்கு."

"தினமும் நறுக்குறேன் மாமா. காம்பு குறையணுமே தவிர வளராது."

பெரியவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நிறத்தைப் பார்த்தவருக்கு நீளத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

"நீங்க மாத்துறது மொதல் பூவுலயே தெரியும்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலை. "உங்களுக்கு அது ஆறுதலா இருக்குன்னு விட்டுட்டேன். அவரு வாங்குனதுல அது ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதான் பேசாம இருந்தேன்."

"வாடிப் போச்சேம்மா..."

"வாடினா என்ன மாமா? அது அவரு குடுத்தது."

அவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். குப்பை வண்டி தொட்டிக்கு இரண்டு வீடு தள்ளி நின்றது. தொட்டிக்குள் இடுப்பு வரை குனிந்து, தன் முடிச்சைத் தேடி எடுத்து, நடுத்தெருவிலேயே பல்லால் பிய்த்தார். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கப் போனவர், அவர் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்.

பூவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் செய்தித்தாளின்மேல் வைத்தார். பாதி இதழ்கள் கழன்றிருந்தன. மீதியில் தேயிலைத் தூள் அப்பியிருந்தது. அவள் கொண்டை ஊசியை எடுத்து, ஓர் இதழைத் தூக்கிப் பிடித்து, தூளைத் துகள் துகளாகத் தள்ளத் தொடங்கினாள். ஊசி பட்டதும் அந்த இதழும் கையோடு வந்துவிட்டது. அதைத் தாளின்மேல் வைத்துவிட்டு அடுத்ததைத் தொட்டாள்.

காற்றில் இதழ் நகர்ந்தது. பெரியவர் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். புழுக்கத்தில் இருவருக்கும் வியர்த்து வழிந்தது. தும்மல் வந்தபோது அவர் முகத்தைத் திருப்பி, வாயைத் துண்டால் இறுகப் பொத்திக்கொண்டார்.